தாம்பாளத்துக்குள் அடங்கிய ஈயம்

என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. பௌதிகம் என்று அச்சடித்திருந்தார்கள். பத்திரிகை அச்சாகி வந்ததும் மாமனார் அந்த எழுத்துகளின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தாராம். துணி வாங்கும்போதும் அவருக்கு அதே பழக்கம்தான். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தபின் அந்தப் பட்டத்துக்கு வீட்டில் இரண்டு உத்தியோகங்கள் கிடைத்தன. ஃபியூஸ் போனால் கம்பி மாற்றுவது ஒன்று. விருந்தாளிகள் வந்தால் காபித் தட்டோடு போய் நிற்பது இன்னொன்று. "மருமக பௌதிகம் படிச்சிருக்குதுங்க" என்பார் மாமனார். வந்தவர் "அப்படீங்களா, நெம்ப சந்தோசமுங்க" என்று சொல்லிக் காபியை எடுத்துக்கொள்வார். அத்தோடு பௌதிகம் உள்ளே போய்ச் சமையலைக் கவனிக்கலாம்.

இது அறுபதுகளில் நடந்த கதை. மாமனாருக்கு ஒரு பனியன் கம்பெனி, மண்ணரைப் பக்கம் ஒரு சலவைப் பட்டறை, உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு, ஒரு துப்பாக்கி. பாசத்தின் வரிசையில் சொன்னால் துப்பாக்கிதான் முதலில் வரவேண்டும். அத்தை, அதாவது என் மாமியார், தான் எத்தனாவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்றதில்லை. தோப்புக்குக் காட்டுப்பன்றி வருகிறது என்று எழுதிக்கொடுத்து அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசன்ஸ் வாங்கியிருந்தார். பன்றிகளுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர் தோப்பில் தங்கிய ஒரு நாள்கூட அவை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. துப்பாக்கி சும்மா இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அதைக் காரில் போட்டுத் திருப்பூருக்குக் கொண்டுவந்து காக்கைகளைச் சுட ஆரம்பித்தார்.

காக்கைகள் மேல் அவருக்கு இருந்த கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மிஷினிலிருந்து வரும் பனியன் துணி பழுப்பாக இருக்கும். அதைப் பட்டறையில் வெளுத்து, வெட்டவெளியில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளைத் துணி. காக்கைகளுக்கு அதைவிட வசதியான இடம் உலகத்தில் வேறு கிடையாது. கயிற்றில் வரிசையாக உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் பறந்துபோகும். கறை பட்ட துணி செகண்ட்ஸ் ஆகிப் பாதி விலைக்குப் போகும். மாமனார் சுட்டு வீழ்த்திய காக்கையை மற்றவற்றுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று மூங்கிலில் தலைகீழாகத் தொங்கவிடுவார். மற்றக் காக்கைகள் கூட்டமாகத் துக்கம் விசாரிக்க வரும். வந்த இடத்தில் துணியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும்.

ஒருமுறை தோப்பிலிருந்து வரும்போது துப்பாக்கி காரிலிருந்து நழுவிப் பாறையில் விழுந்தது. குழலின் வாயில் டொக்கு விழுந்துவிட்டது. முறைப்படி அதைத் துப்பாக்கி செப்பனிடும் கடைக்குக் கோயமுத்தூர் அனுப்பியிருக்க வேண்டும். மாமனார் நிட்டிங் மிஷினுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறைக்கு அனுப்பினார். லேத்துக்காரர் நல்ல தொழில்காரர். நசுங்கிய இடத்தை, நாலு விரல் அகலம், சுத்தமாக அறுத்து எடுத்து, அறுத்த வாயை அரம் போட்டுப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார். அதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை.

காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, மழையில் நனைந்து வீணாய்ப்போன ஒரு தோட்டாவை என் கணவர் கொண்டுவந்து பிரித்துக் காட்டியிருந்தார். அடியில் மருந்து, அதன் மேல் கம்பளியில் செய்த தடித்த தக்கை, அதற்கு மேல் கடுகைவிடப் பெரிய ஈயக்குண்டுகள் ஒரு கைப்பிடி, மேலே ஓர் அட்டை மூடி. அவ்வளவுதான் சங்கதி. தோட்டாப் பெட்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை வீட்டில் யாரும் பிரித்ததில்லை. நான் அதைக் கதைப்புத்தகம்போல் படித்தேன். படிப்பதற்கு அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது, நாள்காட்டியைத் தவிர?

மருந்து வெடித்து வாயுவாகிறது. வாயு தக்கையைத் தள்ளுகிறது, தக்கை குண்டுகளைத் தள்ளுகிறது. இவ்வளவு அவசரமாகப் புறப்பட மேலே இருக்கும் குண்டுகள் தயாராக இல்லை. அவற்றின் பாரம் முழுவதும் அடிவரிசையில் இருப்பவற்றின் தலையில் விழுகிறது. ஈயம் மெத்தென்ற உலோகம். நசுங்கி ஒரு பக்கம் தட்டையாகிவிடுகிறது. மேலே இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, கீழே இருப்பவர்கள் நசுங்குவதைப் புரிந்துகொள்ள அந்த வீட்டு மருமகளுக்குப் பட்டம் தேவைப்படவில்லை. ஓரத்தில் இருப்பவை குழலின் சுவரில் உரசித் தேய்கின்றன. குழலைக் கடக்க ஆகும் நேரம் கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு துளிகூட இல்லை. அதற்குள் பாதிக் குண்டுகளுக்கு முகம் கோணிவிடுகிறது. உருண்டையாக மிஞ்சியவை வெளியே வந்தபின் நேராகப் போகின்றன. கோணியவற்றைக் காற்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

இதையெல்லாம் ஓரளவு கட்டி நிறுத்துவது குழலின் கடைசி நாலு விரல் அகலம். அங்கே குழல், கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு நூல் குறுகும். கம்பெனியில் சங்கு ஊதியதும் குறுகலான கேட்டில் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக நீண்டு வெளியேறுவதுபோல, குண்டுக்கூட்டம் அந்தக் குறுகலில் நெருங்கி, நீண்டு, உள்ளொடுங்கி வெளியே வருகிறது. கேட்டையே பெயர்த்துவிட்டால் கூட்டம் சாலை முழுக்கப் பரவும். லேத்துக்காரர் அறுத்து எடுத்தது அந்தக் கேட்டைத்தான்.

சாப்பாடு பரிமாறும்போது மெதுவாகச் சொன்னேன். "மாமா, கொழாயோட வாய அறுத்துட்டாங்கல்லங்க. இனி முன்னாடியாட்டம் இருக்காதுங்க. குண்டு நெம்பப் பரவுமுங்க."

மாமனார் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "கொழாய் நேராத்தான இருக்குது அம்மிணி?"

"நேராத்தானுங்க இருக்குது."

"அப்பறம் நேராத்தான போகும்?"

என் கணவர் "ஆமாங்கப்பா" என்றார். அவர் பேச ஆரம்பித்ததிலிருந்து அந்த இரண்டு சொற்களில்தான் ஓடிக்கொண்டிருந்தார். தங்கமான மனிதர். அப்பா பகலை இரவு என்றால் விளக்கைத் தேடுவார்.

நான் அத்தோடு விட்டுவிட்டேன். மாமனார் விடவில்லை. மருமகள் துப்பாக்கியைக் குறை சொல்லிவிட்டாள். அது அவருடைய மூக்கைக் குறை சொன்ன மாதிரி. அடுத்த வாரமே தோப்பில் வைத்துச் சோதனை நடந்தது. பெண்களுக்கு அழைப்பு இல்லை. சோதனைக்கு இலக்காக என்ன வைப்பது? வேறு ஊர்க்காரர்கள் காகிதத்தை ஒட்டி வைப்பார்கள், பலகையை நிறுத்துவார்கள். எங்கள் ஊரில் எதற்கும் பனியன் துணிதான். கார் துடைப்பதும் அதுதான், காயத்துக்குக் கட்டுவதும் அதுதான். ஆகவே துப்பாக்கியின் யோக்கியதையை அளக்கவும் வெளுக்காத பனியன் துணியில் ஒரு பெரிய துண்டைக் கொண்டுபோனார்கள்.

சில நாட்கள் கழித்து அந்தத் துணி, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்கி, வீட்டு முன்னறையில் இருந்த கம்பெனி ஆபீஸ் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. நான் அதை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தேன்.  குண்டுகள் துளைத்த ஓட்டைகள் எல்லாம் நடுவில் நெருக்கமாக, அடக்க ஒடுக்கமாக இருந்தன. மாமனார் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தார். அதற்காகவே அதை அங்கே வைத்திருந்தார். கண்ணாடியின் மேல் அதை வைத்து அழுத்தினார். ஓட்டைகள் அத்தனையும் தாம்பாளத்துக்குள் மறைந்தன. வெளியே ஒன்றுகூடத் தெரியவில்லை.

"பௌதிகம் என்னுங்க சொல்லுது?" என்றார் எனக்கு மரியாதை கொடுத்து.

அவர் தாம்பாளத்தை எடுத்ததும் கிட்டே போய்ப் பார்த்தேன். ஓட்டைகள் ஒவ்வொன்றும் குண்டின் அளவைவிடச் சின்னதாக இருந்ததைக் கவனித்தேன். பின்னல் துணி தன்னைத்தானே மூடிக்கொள்ளும், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசனை ஓடவில்லை. கையேடு பொய்யா, கல்லூரியில் நான் படித்தது பொய்யா என்று புரியாமல், தோற்றுப்போன முகத்தோடு காபி ஆற்றப் போய்விட்டேன். அதற்குப்பின் நூல் ஏஜெண்ட், வரி ஆபீசர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், நன்கொடைக்கு வந்தவர், எல்லோருக்கும் தாம்பாளக் காட்சி நடந்தது. நானும் தட்டோடு வந்து நின்று, துப்பாக்கியிடம் தோற்ற படிப்பாளி என்று அறிமுகமானேன். என் பட்டத்துக்குக் கிடைத்த மூன்றாவது உத்தியோகம் அது.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இனி வருவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சலவைப் பட்டறையில் துணி காயப்போடும் ஆள் ஒருவர் இருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசமாட்டார். மனைவியும் அங்கேயே துணி மடிப்பவள். ஒரு நாள் காலை மாமனார் துப்பாக்கியோடு பட்டறைக்குப் போயிருக்கிறார். மதில்சுவருக்குப் பக்கத்துக் கயிற்றில் காக்கை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இந்த ஆள் அதே வரிசையில், கொஞ்சம் தள்ளி, கையைத் தூக்கித் துணி விரித்துக்கொண்டிருக்கிறார். மாமனார் சுட்டார். காக்கை பறந்துவிட்டது. அந்த ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கன்னத்திலும் காதிலும் பட்ட குண்டுகளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் பட்டதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தன் காரிலேயே அனுப்பியது மாமனார்தான். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனால் அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. என் துப்பாக்கியில் குண்டு தாம்பாளத்தைத் தாண்டாது. அவன் தள்ளி நின்றிருந்தால் அவன்மேல் பட்டிருக்காது. பட்டிருக்கிறது. ஆகவே அவன் தள்ளி நிற்கவில்லை, காக்கைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறான். இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையும் இல்லை. ஓட்டையெல்லாம் சுவரில் இருந்த துணியில்தான் இருந்தன.

சரி, அவர் ஏன் காக்கைக்குப் பக்கத்தில் வந்தார்? இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் மாமனாரின் பங்காளி. அவருக்கும் பக்கத்திலேயே பனியன் கம்பெனி இருந்தது. அன்றைக்கு அந்த மதிலோரம் மூட்டையாகக் கட்டிய துணி ஒன்று கிடந்ததாம். மதிலுக்கு அந்தப் பக்கம் சாலை. மூட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் எறிய வந்திருக்கிறான், துப்பாக்கியைக் கண்டு எழுந்திருக்கிறான், பட்டுவிட்டது. பங்காளி இதைச் சொல்லி முடிக்கும்போது அந்த ஆள் கண் இழந்தவர் என்பது போய், திருடன் என்று ஆகிவிட்டிருந்தது. பட்டறையில் எப்போதும் எங்காவது ஒரு மூட்டை கிடக்கத்தான் செய்யும். அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

திருப்பூர் அப்போது இன்றைய திருப்பூர் அல்ல. ஒரு பட்டறையில் திருடன் என்று சொல்லி நிறுத்தினால், சாயங்காலத்துக்குள் எல்லாப் பட்டறைக்கும் தெரிந்துவிடும். ஒரு கண்ணோடு, திருட்டுப் பட்டத்தோடு, அந்த ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்? மனைவியையும்தான் யார் வைப்பார்கள்? போலீசுக்குப் போனால் லைசன்ஸ் போய்விடும் என்பதால், விஷயத்தை ஆபீசிலேயே பேசி முடிப்பது என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். பெரியவர்கள் என்றால் மாமனாரும் பங்காளியும். கூட என் கணவர், "ஆமாங்கப்பா" சொல்ல.

அந்த ஆள் கட்டுப் போட்ட முகத்தோடு வந்து நின்றார். மனைவி அவருக்குப் பின்னால் நின்றாள். அத்தை உள்பக்கக் கதவோரம் இருந்தார். நான் காபித் தட்டோடு வந்தேன். தட்டு இருந்தால் அந்த வீட்டில் எந்தக் கூட்டத்துக்குள்ளும் போகலாம்.

"நெசத்தச் சொல்லிப்போடப்பா. நானொன்னும் பண்ணமாட்டேன். செவுத்தோரம் எதுக்கு வந்தே?" என்றார் மாமனார்.

"நான் வரலீங்க. என் கவுத்தோரந்தானுங்க நின்னேன். காக்காய்க்கு ரெண்டு மொழம் தள்ளிங்க."

"ரெண்டு மொழம் தள்ளி நின்னா எப்படிப் படும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நீங்க பாத்தீங்கல்லங்க? அசையாம நில்லு, காக்கா பறந்துரும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நான் அசையலீங்க."

 மாமனார் சுவரைக் காட்டினார். "அங்க பாரு. ஒரு குண்டு வெளிய போயிருக்குதா? நீ நின்னிருந்தா உம்மேல படாது. பட்டிருக்குதுன்னா நீ நிக்கல. இதுல நாஞ் சொல்றதுக்கு என்ன இருக்குது? துணியே சொல்லுது."

பங்காளி எழுந்து சட்டத்தின் பக்கம் போய், கோயில் சிற்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துத் தலையாட்டினார். தாம்பாளமும் வெளியே வந்தது. அந்த ஆள் தன் ஒற்றைக் கண்ணால் தாம்பாளத்தைப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த அறையில் யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்க நேரமில்லை.

"சோதனைய எப்படிச் செஞ்சீங்க?" என்று பங்காளி கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நல்ல கதையை இன்னொருதரம் கேட்கும் ஆசைதான்.

என் கணவர் வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு சொல்லுக்குமேல் பேசினார். அப்பாவின் புகழைப் பாட அவருக்கும் ஒரு வாய்ப்பு. "தோப்புல நாலு முளை அடிச்சமுங்க. நாலு ஆளு நாலு மூலையப் புடிச்சு வலிச்சு, தொட்டா தம்பட்டமாட்டம் சத்தம் வாரமாதிரி இழுத்துக் கட்டுனமுங்க. கொஞ்சம் தொய்வு இருந்தாலும் சரியாத் தெரியாதுன்னு அப்பாதான் இன்னும் இழு, இன்னும் இழுன்னாருங்க."

 "இழுத்துக் கட்டித்தானுங்க சுட்டீங்க?" என்றேன்.

"ஆமா. அவுத்தப்பறம் செம்மண்ணுல விழுந்து அழுக்காயிருச்சு. அம்மாதான்..."

"மண்ணுல கெடந்த துணிய சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்ட முடியுங்களா?" என்றார் அத்தை கதவோரத்திலிருந்து. "நான்தேன் வெந்நீர்ல அலசி, வெய்யில்ல காயப்போட்டுக் குடுத்தேன்."

அந்த அறையில் இருந்த ஆண்கள் எல்லோரும் பனியன் துணியில் பிறந்து வளர்ந்தவர்கள். இழுத்த துணி விட்டதும் சுருங்கும், வெந்நீரில் போட்டால் இன்னும் சுருங்கும் என்பது அவர்கள் வாழ்க்கையின் முதல் பாடம். சட்டைக்குள் போடும் பனியன் முதல் சலவைக்கே தொப்புளுக்கு மேல் ஏறிவிட்டது என்று பம்பாயிலிருந்து வரும் புகார்களுக்குப் பதில் எழுதியே அவர்களுடைய பாதி ஆயுள் கழிந்திருக்கிறது. அப்பேர்ப்பட்டவர்கள் துப்பாக்கி என்றதும், துணி தன் குணத்தை மறந்து மரியாதையாக நடந்துகொள்ளும் என்று நம்பிவிட்டார்கள். துணியை யாரும் துணியாகப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, சட்டத்துக்குள் இருந்ததால் சாட்சி என்றே நினைத்துவிட்டேன்.

தட்டைக் கீழே வைத்தேன். "அந்தச் சட்டத்த எறக்குங்க" என்று கணவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்ட குரலில் சொல்லவில்லை. அவர் பழக்கத்தில் "ஆமாங்க" என்று சொல்லி இறக்கிவிட்டார். ஆணிகளைப் பிடுங்கித் துணியை வெளியே எடுத்தேன். இரண்டு மூலையைப் பங்காளியின் கையில் கொடுத்தேன், இரண்டைக் கணவரின் கையில் கொடுத்தேன்.

"அன்னைக்கு இழுத்தமாதிரி இழுங்க."

இழுத்தார்கள். ஒட்டி உட்கார்ந்திருந்த ஓட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. விலக விலக ஒவ்வொன்றும் வாயைத் திறந்து குண்டின் அளவுக்கு வந்தது. நான் தாம்பாளத்தை எடுத்து நடுவில் வைத்துப் பிடித்தேன். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓட்டைகள் தெரிந்தன. ஒன்று தாம்பாளத்தைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது.

"இது சலவை ஆன துணிங்க மாமா. அன்னைக்கு இன்னும் அகலமா இருந்திருக்கும். கொழாய்க்கு வாய் இல்லைங்க. குண்டு இப்படித்தானுங்க பரவும். அவரு ரெண்டு மொழம் தள்ளித்தான் நின்னிருக்காரு. அசையவே இல்லைங்க."

 அந்த நிமிஷத்தில் எனக்குள் பொங்கிய பெருமையைச் சொல்லி முடியாது. பி.எஸ்ஸி. பௌதிகம், இத்தனை நாளுக்குப் பிறகு, ஃபியூஸ் கம்பியைத் தாண்டி ஒரு காரியம் செய்திருந்தது. ஒரு மனிதரின் பெயர் மீண்டுவிட்டது. இனி பெரியவர்கள் தலைகுனிவார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

பங்காளி துணியை விரலால் நிமிண்டினார். "என்னுங்க, இத்தன ஷ்ரிங்கேஜா? இது எந்த லாட்டுங்க?"

"நூலு அப்படிங்க" என்றார் மாமனார் உடனே. முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. "போன வருசம் அந்த மில்லுக்காரன் அனுப்புன நூலு. முறுக்கே பத்தல. நான் அப்பவே சொன்னேன்."

"எனக்கும் அதே நூலுதானுங்க வந்துச்சு. ஒரு லோடே ரிஜெக்ட்."

"அதேதான். துணி சுருங்குனதால வந்த வென. இல்லீன்னா இப்படி ஆயிருக்குமா?" மாமனார் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு அந்த ஆளைப் பார்த்துப் பெருந்தன்மையோடு சொன்னார். "செரி செரி, உம்மேல தப்பில்லப்பா. துணி ஏமாத்திப்போடுச்சு. திங்கக்கெழமையிலிருந்து வேலைக்கு வந்துரு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. என் கணவர் துணியை மடிக்க ஆரம்பித்தார். ஆறிப்போன காபியைப் பங்காளி எடுத்து ஒரு வாய் குடித்தார். குற்றவாளி அகப்பட்டுவிட்டது. அது நூல். ஆபீஸ் பழையபடி ஆபீசாகிவிட்டது. என் பௌதிகம் அவர்களுக்குச் செய்துகொடுத்த உபகாரம் இதுதான் என்று எனக்குப் புரிய ஆரம்பித்தபோது காது சுட்டது. அந்த ஆள் கும்பிடுவதற்குக் கையைப் பாதி தூக்கினார். பின்னால் நின்ற மனைவி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். அதுவரை அவள் வாயைத் திறக்கவில்லை.

"சாமி," என்றாள். "எனக்குப் படிப்பில்லீங்க. ஒன்னு கேட்டுக்கறேனுங்க. துணியாங்க சுட்டுச்சு?"

மாமனார் பங்காளியைப் பார்த்தார். பங்காளி காபியைப் பார்த்தார். மாமனார் மகனைப் பார்த்தார். என் கணவர் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஆமாங்கப்பா என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. மாமனார் என்னையும் ஒருதரம் பார்த்தார். பௌதிகத்தில் வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினாரோ என்னவோ. நான் தாம்பாளத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார்.

"நாந்தான்" என்றார். சத்தம் வெளியே வரவில்லை.

"கேக்கலீங்க."

"நாந்தான் சுட்டேன்."

"அசையாம நில்லுன்னு சொன்னதுங்க?"

அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை யாரும் எதையும் இரண்டாவது தடவை சொல்லவைத்து நான் பார்த்ததில்லை.

"அதும் நாந்தான் சொன்னேன். அவன் அசையல."

அவள் தலையாட்டினாள். நன்றி சொல்லவில்லை, அழவும் இல்லை. "போலாமுங்க" என்றாள் புருஷனிடம். அவர் திரும்பினார். கதவு அவருடைய இடது பக்கம் இருந்தது. அது தெரியாமல் வாசல் நிலையில் தோள் இடித்து நின்றார். மனைவி அவருடைய வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாறினாள். இருவரும் வெளியே போனார்கள்.